மிஷின் நுழையாத மூலைகளில் புல் வெட்ட நீளக்காம்பு அரிவாள் சரிப்படுமா?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விஷயம் புரியும். ஹொரமாவு பக்கம் 40க்கு 60 சைட் இரண்டைச் சேர்த்து வாங்கியிருக்கிறீர்கள். ஒன்றில் வீடு, மற்றதில் தோட்டம். தோட்டத்தின் கடைசிப் பகுதி ராஜகாலுவே என்ற மழைநீர்க் கால்வாயை நோக்கிச் சரிகிறது. ஒரு புங்கமரம், சில சப்போட்டாக் கன்றுகள், காம்பவுண்ட் ஓரம் செம்பருத்தி வரிசை. உருட்டும் மிஷின் சரிவில் நிற்கவில்லை, செம்பருத்திக்கு அடியில் நுழையவும் இல்லை. பிரஷ் கட்டர் வைத்திருக்கும் ஒருவரைக் கூப்பிட்டதில் அதன் சுழலும் நைலான் நரம்பு ஒரு சப்போட்டாவின் பட்டையை உரித்துவிட்டது. ஐரோப்பாவில் நின்றபடியே வீசிப் புல் அறுக்கும் சைத் என்ற நீளக்காம்பு அரிவாளை வீடியோவில் பார்த்திருக்கிறீர்கள். அதை வாங்கலாமா, பெங்களூரு புல்லுக்கு ஒத்துவருமா, பக்கத்துக் காலி சைட்டையும் அதிலேயே முடித்துவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

வாங்கலாம். நீங்கள் சொல்லும் இடத்துக்கு அதைவிடப் பொருத்தமான கருவி எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் அதன் வாயை, அதாவது வெட்டும் ஓரத்தை, தட்டி மெலிதாக்கவும், வெட்டும்போது அடிக்கடி கல்லில் தீட்டவும் உங்களுக்குப் பொறுமை இருக்க வேண்டும். அது இல்லையென்றால் வாங்க வேண்டாம். சைத்தை வாங்கிக் கைவிட்டவர்கள் பலரும் சொல்லும் காரணம் "கை வலிக்கிறது, புல் படுத்துக்கொள்கிறது" என்பதுதான். அந்த இரண்டுமே மழுங்கிய வாயின் அடையாளம். நான் வேலைக்காலம் முழுக்க டூல் ரூமில் கழித்தவன், எஃகோடு பழகியவன். இந்தப் பதிலில் பாதிக்கு மேல் கூர்மையைப் பற்றியே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சைத்தில் இரண்டு வகை உண்டு. இங்கிலாந்து, அமெரிக்கப் பாணிப் பிளேடு கனமானது, கெட்டியான எஃகு, அதன் வாயைச் சாணைக்கல்லில் தேய்த்துத்தான் மெலிதாக்க முடியும். ஆஸ்திரியா, இத்தாலி பக்கம் செய்யும் ஐரோப்பியப் பாணிப் பிளேடு சுத்தியலால் அடித்து வடிவமைத்தது, மெல்லியது, எடை குறைவு. அதன் எஃகு சற்று மிருதுவாக இருக்கும், அதனால் சூடு காட்டாமல் அப்படியே தட்டி வாயை மெலிதாக்க முடியும். உங்களுக்கு இரண்டாவது வகைதான் வேண்டும். ஆஸ்திரியாவில் ஷ்ரோக்கன்ஃபுக்ஸ் என்ற கம்பெனி 1540 முதல் இந்தத் தொழிலில் இருக்கிறது. இத்தாலியில் ஃபால்சி என்று ஒன்று உண்டு. இரண்டின் பிளேடுமே நம்பி வாங்கலாம். நம் ஊர்க் கடைகளில் இது கிடைக்காது, வரவழைக்கத்தான் வேண்டும். அனுப்பும் செலவும் வரியும் சேர்ந்தால் மலிவான பிரஷ் கட்டரைவிட விலை கூடிப்போகலாம் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீளத்தில் பேராசை வேண்டாம். வீடியோவில் பார்ப்பவர்கள் புல்வெளியை அறுக்கிறார்கள், அங்கே 75, 85 செ.மீ. பிளேடு. மரம், சுவர், செடி, சரிவு என்று இரண்டடிக்கு ஒரு தடை இருக்கும் தோட்டத்துக்கு 50 செ.மீ. போதும். 60 வரை போகலாம். அதற்கு மேல் போனால் முனை எங்கே இருக்கிறது என்பது கைக்குத் தெரியாது, முனைதான் போய் எதிலாவது முட்டும். 40 செ.மீ. அளவில் 'புஷ் பிளேடு' (புதர்ப் பிளேடு) என்று தடித்த வகை ஒன்றும் வரும். அது முள்ளுக்கும் குச்சிக்கும் ஆனது, மெல்லிய புல்லை அவ்வளவு அழகாக அறுக்காது.

காம்பை வேண்டுமானால் இங்கேயே தச்சரிடம் செய்துகொள்ளலாம். நேரான நாரோட்டம் உள்ள, எடை குறைந்த மரம் வேண்டும். ஐரோப்பாவில் ஆஷ் மரத்தில் செய்கிறார்கள். பெங்களூரில் சில்வர் ஓக் தாராளமாகக் கிடைக்கிறது, கணு இல்லாத துண்டாகப் பார்த்து எடுத்தால் நன்றாக உழைக்கும். அளவு உங்கள் உடம்பைப் பொறுத்தது. காம்பை நிமிர்த்தி நிறுத்தினால் கீழ்ப்பிடி இடுப்பெலும்பு மூட்டு உயரத்தில் வர வேண்டும். அங்கிருந்து ஒரு முழம் மேலே, உங்கள் முழங்கையிலிருந்து விரல்நுனி வரை அளந்து, மேல்பிடி. இந்த இரண்டு அளவும் சரியாக இருந்தால் முதுகு வளையாது. கடையில் வரும் ரெடிமேட் காம்பு பல நேரம் நம் உயரத்துக்குப் பெரிதாக இருக்கும், அதனால் பிடிகளை நகர்த்தி வைக்கும்படியான காம்பாகக் கேளுங்கள். பிளேடைக் காம்போடு கவ்வும் வளையத்தையும் அதன் திருகுகளுக்கான ஆலன் கீயையும் பிளேடோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். கீ தொலைந்தால் எஸ்.ஜே.பி. ரோட்டில் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும்.

பிளேடை மாட்டும் கோணத்தையும் பார்க்க வேண்டும். காம்பின் மேல்முனையைத் தரையில் ஓர் இடத்தில் அசையாமல் வைத்துக்கொண்டு, காம்பை ஒட்டிய பிளேடின் அடிப்பகுதி சுவரில் எந்த இடத்தைத் தொடுகிறதோ அங்கே ஒரு கோடு போடுங்கள். மேல்முனையை நகர்த்தாமல் பிளேடைச் சுழற்றி முனையை அதே இடத்துக்குக் கொண்டுவந்தால், அது கோட்டுக்கு இரண்டு மூன்று விரல் கீழே வர வேண்டும். முனை கோட்டிலேயே நின்றால் வீசும்போது பிளேடு அறுக்காமல் புல்லை வெட்டித் தள்ளப் பார்க்கும். நெருக்கடியான இடத்தில் முனையை இன்னும் கொஞ்சம் உள்வாங்கி வைப்பது நல்லது.

இனி கூர். புல்லின் தண்டு மெலிது, அதைத் தாங்கிப் பிடிக்க எதிர்ப்பக்கம் ஒன்றுமில்லை. கருக்கரிவாளில் அறுக்கும்போது இடக்கை கற்றையைப் பிடித்துக்கொள்கிறது, அதனால் வாய் சுமாராக இருந்தாலும் பல் இழுத்து அறுத்துவிடும். சைத்தில் பிடிக்கும் கை கிடையாது. புல் தன் எடையிலேயே நிற்கிறது. வாய் உள்ளே இறங்குவதற்கு முன் தண்டு சாயக்கூடாது என்றால், அந்த வாய் காகிதம்போல் மெலிந்திருக்க வேண்டும். கல்லில் எவ்வளவு தீட்டினாலும் தடித்த வாய் மெலியாது, அதன் நுனி மட்டும்தான் கூராகும். அதனால்தான் முதலில் தட்ட வேண்டியிருக்கிறது.

தட்டுவது என்றால் வாயின் ஓரத்தில் மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலத்துக்குச் சுத்தியலால் மெல்ல அடித்து, உலோகத்தை வெளிப்பக்கமாக இழுத்து விரிப்பது. சூடு காட்டவே கூடாது. பழக்கப்பட்டவர்கள் சின்ன அடைகல்லில் வைத்து நேராகவே தட்டுவார்கள். புதியவர்களுக்கு ஒரு தண்டும் அதில் சொருகும் இரண்டு மூடியும் கொண்ட ஜிக் என்ற துணைக்கருவி கிடைக்கிறது. முதல் மூடியைப் போட்டு ஒரு சுற்று தட்டினால் உலோகம் நகரும், இரண்டாவது மூடியில் இன்னொரு சுற்று தட்டினால் நுனி மெலியும். அரைக் கிலோ சுத்தியல் போதும். அடி ஒவ்வொன்றும் முன்னதன் மேல் பாதி விழ வேண்டும், இடைவெளி விட்டால் வாய் அலை அலையாகிவிடும். ஒரே இடத்தில் பலமாக அடித்தாலும் அப்படித்தான் ஆகும். மெதுவாக, ஒரே சீரான பலத்தில், அடியிலிருந்து முனை வரை போங்கள்.

போதுமான அளவு மெலிந்ததா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. கட்டைவிரல் நகத்தை வாயின் அடிப்பக்கம் வைத்து லேசாக அழுத்தியபடி, வெளிச்சம் படும்படி பிளேடைச் சாய்த்துப் பாருங்கள். நகம் அழுத்தும் இடத்தில் வாய் மயிரிழை அளவு மேலெழும்பி ஒளி நெளிந்தால் சரி. நகத்தை நகர்த்தினால் அந்த நெளிவும் கூடவே நகரும். எங்கே நெளியவில்லையோ அங்கே இன்னும் தட்ட வேண்டும். இதைக் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டால், மறுமுறை தட்டும்போது எங்கே நிறுத்துவது என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது. நான்கிலிருந்து எட்டு மணி நேரம் வெட்டியபின் மறுபடி தட்ட வேண்டிவரும். உங்கள் தோட்ட அளவுக்கு மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை தட்டினாலே தாராளம்.

கல்லில் தீட்டுவது வேறு வேலை, அது வெட்டும்போதே நடப்பது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தித் தீட்ட வேண்டும். படகு வடிவத்தில் நீளமாக இருக்கும் தீட்டுக்கல்லைத் தண்ணீரில் போட்டு இடுப்பில் மாட்டிக்கொள்வார்கள். அந்தக் காலத்தில் மாட்டுக் கொம்பில் தண்ணீர் ஊற்றி வைத்துக்கொண்டார்கள், இப்போது பிளாஸ்டிக் கூடு வருகிறது. அரை லிட்டர் பாட்டிலை வெட்டிப் பெல்ட்டில் கோத்தாலும் ஆகும். காம்பின் மேல்முனையைத் தரையில் ஊன்றி, பிளேடு நெஞ்சு உயரத்தில் வரும்படி நிறுத்தி, இடக்கையால் அதன் முதுகை முனைப்பக்கமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கல்லைச் சாய்வாக வைத்து, அடியிலிருந்து முனை நோக்கி, உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி இழுங்கள். கல்லைப் பிடிக்கும் கையின் கட்டைவிரல் கல்லின் விளிம்பைத் தாண்டி வெளியே நீளவே கூடாது. சைத்தால் வரும் காயங்களில் அதிகம் வெட்டும்போது வருவதில்லை, தீட்டும்போதுதான் வருகின்றன. கல் காய்ந்துபோனால் அதன் துளைகளில் இரும்புத்தூள் அடைத்துக்கொண்டு வழுக்கும், ஈரத்தோடு இருந்தால்தான் பிடிக்கும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். தெருவில் சைக்கிளில் சாணைக்கல் மாட்டிக்கொண்டு வருபவரிடம் இந்தப் பிளேடைக் கொடுத்துவிடாதீர்கள். வீட்டுக் கத்திக்கும் கத்தரிக்கும் அவர் வேலை போதுமானது. இந்த வாயோ மெலிந்தது, சுழலும் கல்லில் பட்ட ஓரிரு விநாடியில் சூடேறி நீலம் பாய்ந்துவிடும். நீலம் தெரிந்த இடத்தில் எஃகின் பதம் போய்விட்டது என்று அர்த்தம், அதன்பின் அங்கே எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. ஆங்கிள் கிரைண்டர் வைத்திருக்கும் வெல்டிங் கடைக்காரரிடமும் கொடுக்க வேண்டாம்.

வீச்சைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. கைகள் பிளேடை வழிநடத்தட்டும், இடுப்பு திரும்பட்டும். பிளேடின் வயிறு போகும்போதும் வரும்போதும் தரையைவிட்டு எழக்கூடாது. வலமிருந்து இடமாக அரைவட்டம், ஒரு வீச்சுக்கு நான்கு விரல் அகலத்துக்குத்தான் புதிய புல்லைத் தொட வேண்டும். அறுத்த புல் இடப்பக்கம் ஒரு வரியாக விழும். கோல்ஃப் மட்டை மாதிரி ஓங்கி வீசுகிற பழக்கம் எல்லோருக்கும் முதலில் வரும். அப்படி வீசினால் முனை மண்ணில் குத்தும், தோளும் வலிக்கும். கூர் குறையும்போது சத்தமே மாறிவிடும். நன்றாக இருக்கும்போது வரும் மெல்லிய 'சர்ர்' போய், நார் கிழிகிற மாதிரி ஒன்று கேட்கும். உடனே கல்லை எடுத்துவிட வேண்டும். இன்னும் பத்து வீச்சு பார்க்கலாம் என்று பலத்தைக் கூட்டக்கூடாது.

நேரம் முக்கியம். அதிகாலையில் புல் நீரால் விறைத்து நிற்கும், மேலே பனி ஈரமும் இருக்கும். சைத்துக்கு அதுதான் வேண்டும். ஆறு மணிக்குத் தொடங்கினால் எட்டு, எட்டரைக்குள் முடித்துவிடலாம். பெட்ரோல் மிஷினுக்கு ஈரப்புல் ஆகாது, சைத்துக்கு உலர்ந்த புல் ஆகாது. பெங்களூரில் மே மாத மழைக்குப் பிறகு புல் எழும்பத் தொடங்கி, செப்டம்பர், அக்டோபரில் உச்சத்துக்குப் போய், நவம்பர் வரை பச்சையாக நிற்கும். அந்த மாதங்கள்தான் நமக்கு. பிப்ரவரியில் காய்ந்து வைக்கோலான புல்லை சைத்தால் வெட்டப் பார்த்தால் கம்பிபோல் வளைந்து நழுவும். அதனால் நவம்பர் கடைசிக்குள் சுத்தமாக வெட்டி முடித்துவிடுங்கள். கோடையில் யாராவது போட்ட பீடி நெருப்புக்கும் அது பாதுகாப்பு.

இனி உங்கள் சரிவு. சரிவுக்குக் குறுக்காக நடந்து வெட்டுங்கள், மேலும் கீழுமாக அல்ல. பள்ளப்பக்கம் உங்கள் இடதுகைக்கு வரும்படி நின்றால், வலமிருந்து இடமாக வரும் வீச்சு மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும், பாதி வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். கீழ்வரியில் தொடங்கி ஒவ்வொரு வரியாக மேலே ஏறுங்கள். அறுத்த புல் ஏற்கெனவே வெட்டிய இடத்தில் விழும், வெட்ட வேண்டிய புல்லை மூடாது. ராஜகாலுவேயின் விளிம்பில் ஒரு மீட்டர் அகலத்துக்குப் புல்லை அப்படியே விட்டுவிடுங்கள். அங்கே மண் எங்கே உள்வாங்கியிருக்கிறது என்று மேலிருந்து தெரியாது, கால் வைக்கும் இடமில்லை. அந்தப் பட்டை மழைத்தண்ணீரோடு வரும் மண்ணையும் நிறுத்தி வைக்கும்.

சரிவில் புல்லை ஒட்ட வெட்டாதீர்கள், நான்கைந்து விரல் உயரம் நிற்கட்டும். இதை அழுத்திச் சொல்லக் காரணம், நம் ஊரில் "சுத்தம் பண்ணுங்கள்" என்று சொன்னாலே மண்வெட்டியால் வேரோடு சுரண்டி, செம்மண் தெரிய வைத்துவிடுவார்கள். இந்தப் பழக்கத்துக்குப் பெங்களூரில் பழைய கதை ஒன்று உண்டு. 1809இல் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து படைமுகாமை இங்கே மாற்றிக் கண்டோன்மென்ட் அமைத்தபோது, படையோடு பிழைப்புக்காக வந்த தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். குதிரைகளுக்குப் புல் கொண்டுவருவது அன்றைய படைகளில் தனித் தொழில். குதிரைக்காரர் வேறு, புல் வெட்டுகிறவர் வேறு. குர்பி என்ற சின்னக் கரண்டியால் அறுகம்புல்லை வேரோடு சுரண்டி எடுத்து, மண்ணைத் தட்டிக் கட்டாகக் கொண்டுவந்தார்கள். குதிரைக்கு அது நல்ல தீனி. உங்கள் சரிவுக்கு அது கேடு. வேர் போன செம்மண் செப்டம்பர் மழை ஒன்றிலேயே கால்வாய்க்கு இறங்கிவிடும். வேர் இருக்கட்டும், தலையை மட்டும் எடுங்கள். முடிந்தால் சரிவின் நடுவில் குறுக்காக ஒரு வரி வெட்டிவேர் நட்டுவையுங்கள். மண்ணை அதுபோல் பிடிக்கும் புல் வேறில்லை.

செம்பருத்தி வரிசைக்கு அடியில்தான் சைத் தன் அருமையைக் காட்டும். பிளேடு தரையோடு படுத்துப் போவதால், தாழ்ந்த கிளைக்கு அடியில் ஒரு சாண் உயரம் இருந்தாலே நுழைந்துவிடும். குனிய வேண்டியதில்லை. காம்பவுண்ட் சுவரை எப்போதும் உங்கள் வலப்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். முனையைச் சுவரோரம் மெல்ல வைத்து, அங்கிருந்து சுவரைவிட்டு விலகும்படி இழுங்கள். சுவர் இடப்பக்கம் இருந்தால் வீச்சின் முடிவில், வேகம் இருக்கும்போது, முனை போய்ச் சிமென்ட்டில் மோதும். முனை வளைந்தாலோ கீறல் விட்டாலோ சரிசெய்வது பெரும்பாடு. செம்பருத்தி சுவரை ஒட்டி இருந்தாலும் இதே முறைதான்.

மரத்தடிக்கு வருவோம். சப்போட்டாவின் பட்டையை நைலான் நரம்பு உரித்தது சின்ன விஷயமில்லை. இலையில் உண்டாகும் சத்து பட்டைக்குள் ஓடித்தான் வேருக்குப் போகிறது. தண்டைச் சுற்றி முழு வளையமாகப் பட்டை போய்விட்டால் வேர் பட்டினி கிடந்து, சில மாதங்களில் மரமே காயும். உங்கள் கன்றில் ஒரு பக்கமாவது பட்டை ஒட்டியிருந்தால் பிழைத்துக்கொள்ளும். தொங்கும் நாரைக் கூரான கத்தியால் சுத்தமாக வெட்டிவிடுங்கள், மண்ணோ சாணமோ பூச வேண்டாம், காற்றாட விடுங்கள்.

சைத்தாலும் பட்டையைக் காயப்படுத்த முடியும். அதனால் மரத்தைச் சுற்றி வட்டமாகச் சின்னச் சின்ன வீச்சாக, மரத்திலிருந்து விலகும் திசையில் மட்டும் வெட்டுங்கள். கடைசி ஒரு அடி சைத்துக்கு உரியதல்ல, அதைக் கருக்கரிவாளிடம் விட்டுவிடுங்கள். எங்கள் தெருவில் பல வீட்டுத் தோட்டங்களைப் பார்த்துக்கொள்ளும் திருவண்ணாமலைப் பக்கத்து அக்கா ஒருவர் இருக்கிறார். அவர் வேலை செய்வதைக் கவனித்தால் இந்த ஒரு அடி எப்படிப் போக வேண்டும் என்று தெரியும். குந்தி உட்கார்ந்து, இடக்கையால் கற்றையைப் பிடித்து மரத்தைவிட்டு வெளிப்பக்கம் சாய்ப்பார். அரிவாளின் முதுகு பட்டைப்பக்கம் இருக்கும், பல் தன்பக்கம் இருக்கும். ஒரே இழுப்பு. பட்டையில் கருக்கு படவே வழியில்லை. அறுத்த கற்றையைத் தூக்கி எறியாமல் அங்கேயே மரத்தைச் சுற்றிப் பரப்பிவிடுவார். அந்த மூடாக்கு தண்டிலிருந்து நான்கு விரல் தள்ளி, இரண்டடி அகலத்துக்கு, நல்ல கனத்தில் கிடந்தால் அங்கே புல்லே வராது. அடுத்த வருடம் மரத்தடியில் வெட்ட வேண்டிய வேலையே இருக்காது. நீங்கள் கேட்காவிட்டாலும் இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன்.

கம்பிவலை வேலிக்குள் புகுந்து நிற்கும் புல்லுக்கும், தண்ணீர்க் குழாய், மீட்டர் பெட்டி ஓரத்துக்கும் கருக்கரிவாள்தான். பதித்த நடைக்கற்கள் இருந்தால் அவற்றின் விளிம்பு புல்லுக்குள் மறைந்திருக்கும், தொடங்குமுன் ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு குச்சி நட்டுவைத்துவிடுங்கள். மெக்சிகன் கிராஸ் போட்ட சின்ன லான் முன்பக்கம் இருந்தால் அதற்கு உருட்டு மிஷினே இருக்கட்டும். அது மிக நெருக்கமான மென்புல், சைத்தால் சமமாக வருவதற்கு நெடுநாள் பழக்கம் வேண்டும்.

எல்லாச் செடிக்கும் வெட்டு மருந்தல்ல. பார்த்தீனியத்தை, இங்கே காங்கிரஸ் என்று சொல்வார்களே, அதை சைத்தால் வெட்டினால் அடியிலிருந்து மறுபடி கிளைத்துத் தாழ்வாகப் பூக்கும். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது, பூக்குமுன், கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள். தோல் அரிப்பும் மூச்சுத் தொல்லையும் தரக்கூடியது, வெறுங்கையால் தொட வேண்டாம். அதன் இலையில் வெளிர்நிற முதுகில் கரும்பட்டைகளோடு சின்ன வண்டுகள் மேய்வதைப் பார்த்தால் அந்தக் கூட்டத்தை மட்டும் விட்டுவைக்கலாம். பார்த்தீனியத்தைத் தின்பதற்காகவே மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்து, 1984இல் பெங்களூரில் வெளியே விட்ட வண்டு அது. மழைக்காலத்தில் இலையை நன்றாகவே காலிசெய்யும். கோரைக்குக் கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறது, மேலே எத்தனை முறை அறுத்தாலும் வரும். உண்ணிச்செடி, சூபாபுல் கன்று போன்ற கட்டைத் தண்டில் மெல்லிய பிளேடைப் போட்டால் வாய் பிய்யும். அவற்றுக்குக் கொடுவாள். கன்னடத்தில் மச்சு என்று கேட்டால் எந்த இரும்புக்கடையிலும் எடுத்துக் கொடுப்பார்கள்.

பக்கத்துக் காலி சைட்டுக்கு என் பதில், இந்த வருடம் வேண்டாம். பெங்களூரில் காலி சைட் என்றால் புல்லுக்கு அடியில் என்ன கிடக்கும் என்று உங்களுக்கே தெரியும். இடித்த கட்டடத்தின் கல், சென்ட்ரிங் கம்பி, உடைந்த பாட்டில், அறுந்து விழுந்த கேபிள். புதுப் பிளேடின் வாய் முதல் நாளே போய்விடும். மில்லிமீட்டர் அளவு பல் விழுந்தால் பொருட்படுத்த வேண்டாம், அடுத்தடுத்துத் தட்டும்போது தானே மறைந்துவிடும். கீறலாக உள்ளே ஓடினால் உடனே அரத்தால் அதை வட்டமாகத் தேய்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் இன்னும் கிழிந்துகொண்டு போகும். உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, கோடையில் புல் காய்ந்து படுத்திருக்கும்போது குப்பையைப் பொறுக்கி எடுத்துவிட்டால், அடுத்த மழைக்கு அந்த இடத்திலும் சைத் ஓட்டலாம்.

அங்கே பாம்பும் இருக்கும். சாரையானால் தானே ஓடிவிடும். கண்ணாடி விரியன் ஓடாது, புல்லுக்குள் அப்படியே கிடக்கும். குந்தி உட்கார்ந்து அறுப்பதைவிட நின்று வீசுவது இந்த விஷயத்தில் பாதுகாப்பு, கையும் முகமும் தரையிலிருந்து தள்ளி இருக்கின்றன. ஆனாலும் முழங்கால் வரை கம்பூட் இல்லாமல் இறங்காதீர்கள். முதலில் நீளக் கழியால் தட்டிக்கொண்டு ஒரு சுற்று வாருங்கள். கடித்தால் கீறுவது, இறுக்கிக் கட்டுவது ஒன்றும் கூடாது, நேராக விஷமுறிவு மருந்து உள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வீசும்போது உங்களைச் சுற்றிப் பத்தடிக்குள் யாரும் இருக்கக்கூடாது, குழந்தைகளும் நாயும் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். வேலை முடிந்ததும் பிளேடைத் துடைத்து, லேசாகத் தேங்காயெண்ணெய் தடவி, காம்பிலிருந்து கழற்றி உயரத்தில் மாட்டிவையுங்கள். பழைய தோட்டக்குழாய்த் துண்டை நீளவாக்கில் கீறி வாயின்மேல் சொருகிவிட்டால் உறையாகிவிடும்.

கடைசியாக, வேலைக்கு வரும் தோட்டக்காரரிடம் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கொடுக்கலாம், காம்பின் பிடிகளை அவர் உயரத்துக்கு மாற்றி வைத்துக் கொடுங்கள், தீட்டும் முறையையும் பக்கத்தில் நின்று காட்டுங்கள். அரிவாள் பிடித்துப் பழகிய கைக்குக் கூர்மையைப் பற்றிச் சொல்லித்தர அதிகம் இருக்காது, வீச்சு மட்டும்தான் புதிது. தட்டும் வேலையை முதலில் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பிளேடு வந்து சேர்ந்ததும் அப்படியே புல்லில் இறக்காதீர்கள், பல பிளேடுகள் கம்பெனியிலிருந்து தட்டாமலேதான் வரும். நகத்தை வைத்துப் பாருங்கள், நெளியவில்லையென்றால் முதல் வேலை சுத்தியலோடுதான்.